மாளிகையில் வாடகைக்கு இருக்கும் டியூக்

டெவன்ஷயர் டியூக்கின் மாளிகையான சாட்ஸ்வொர்த் டெவனில் இல்லை, டார்பிஷயரில் இருக்கிறது. பட்டத்துக்கு ஓர் ஊர், படுக்கைக்கு வேறோர் ஊர். நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட சாட்ஸ்வொர்த் போன்ற மாளிகைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், 'நாங்கள் சொந்தக்காரர்கள் அல்ல, அடுத்த தலைமுறைக்கான காவலர்கள்' என்ற பல்லவி தவறாமல் வரும். காவல்காரருக்கு இத்தனை அறைகள் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இறப்பு வரியிலிருந்து தப்ப, பத்தாவது டியூக் 1946-லேயே சொத்தை வாரிசு பக்கம் மாற்றிவிட்டார். அதன்பின் ஐந்து ஆண்டு உயிரோடு தாண்டியிருந்தால் வரி இல்லை. 1950-இல் எமன் முந்திக்கொண்டான். வரி 80 சதவீதம்! நிலங்கள் போயின, ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி போனார், ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையே அரசுக்குப் போனது.

இப்படி வரி போட்டால் பாரம்பரியம் அழியாதா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அழிந்தது எது? ஹார்ட்விக் இன்று நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கையில் கம்பீரமாக நிற்கிறது. ஹென்றி லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்துக்கு இடம் மாறிவிட்டார். கைமாறினால் இடிந்துவிழ வேண்டும் என்பது கூரைக்குத் தெரியவில்லை போலும். சாட்ஸ்வொர்த்தையும் 1981-இல் அமைந்த அறக்கட்டளைதான் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. டிக்கெட் வாங்கியவர்கள் முன்கூடத்துக் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். தாம் குடியிருக்கும் பகுதிக்கு டியூக் குடும்பம் அந்த அறக்கட்டளைக்கு வாடகை கட்டுகிறது. அறக்கட்டளைக்கு மாளிகையைக் குத்தகைக்கு விட்டிருப்பதும் டியூக் குடும்பத்துத் தரப்புதான்.