சந்தனத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

ஜவ்வாது மலையில் உங்கள் பட்டா நிலத்தின் மேல் ஒரு பறவை எச்சமிட்டுப் போகிறது. அங்கே சந்தனம் முளைக்கிறது. மரம் யாருடையது? 2002 வரை குழப்பமே இல்லை. நிலம் உங்களுடையது, மரம் சர்க்காருடையது, ஆடு கடிக்காமல் காவல் காக்கும் பாக்கியம் மறுபடி உங்களுடையது.

பிறகு சட்டத்தைத் திருத்தி, மரமும் உங்களுக்கே என்றார்கள். வெட்டும் பாவம் மட்டும் உங்களைச் சேரக் கூடாதாம். என்ன பரிவு! மனு கொடுத்தால் போதும். வனத்துறையே வெட்டி, கிடங்குக்குக் கொண்டுபோய், ஏலம் விட்டு, உங்கள் பங்கைத் தரும். இந்த அக்கறை சந்தனத்தோடு நிற்பானேன்? சாமைக் கதிர் முற்றியதா என்று பார்க்க ஒரு குழு அமைக்கலாம். தேனீக்கு நடமாட்டச் சீட்டு தரலாம். பலாப்பழத்தை நாமே முகர்ந்து பார்த்து முடிவெடுப்பதெல்லாம் அராஜகம்.

மலையில் சொந்தப் புத்தியை நம்புகிறவர் ஒருவர் உண்டு. தானே தட்டிப் பார்த்து, தானே தீர்மானித்து, இரவோடு இரவாகத் தானே அறுத்துக்கொண்டு போய்விடுவார். மனு, முத்திரை எதுவும் அவருக்குக் கிடையாது. காலையில் அடிக்கட்டையைக் கண்டு நீங்கள் புகார் சொல்லப் போனால், முதல் கேள்வி உங்களுக்குத்தான்:

“மரத்தை வெட்டினது நீதானே?”