நிதியமைச்சின் சமுகத்திற்கு மெர்போக்கிலிருந்து ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய மலேசிய நிதியமைச்சுக்கு, கெடா மாநிலம் மெர்போக்கில் மளிகைக்கடை நடத்திப் பிழைக்கும் அடியேன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எங்கள் ஊர் வரிக்கும் அரசர்க்கும் புதிதன்று. 1025-ஆம் ஆண்டளவில் இராஜேந்திர சோழன் வென்ற கடாரம் எங்கள் ஊர் அமைந்த பூஜாங் பள்ளத்தாக்கே என்று சரித்திராசிரியர் பலர் கூறுவர். அவனுடைய மகள் வயிற்றுப் பேரனான முதற் குலோத்துங்கனோ, படையெடுப்பு எதனினும் மேலாகச் சுங்கத்தை நீக்கிய ஒரு காரியத்தாலேயே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற விருதை இன்றளவும் அனுபவித்து வருகிறான். தாங்களும் 2018-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், மூன்றாண்டுகளுக்கு முன் தாங்களே விதித்த ஆறு சதவீதப் பொருள் சேவை வரியைப் பூஜ்யமாக்கி அவ்விருதுக்குப் பாத்திரமானீர்கள். ஆனால் புகழில் பற்றற்ற பெருந்தன்மையால், செப்டம்பர் முதல் நாளே விற்பனை சேவை வரியை மீட்டுக்கொணர்ந்து, விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒழிந்த பொருள் சேவை வரி 2017-இல் ஏறத்தாழ 4,400 கோடி வெள்ளி ஈட்டியது என்பர். அதன் சிறப்பு, வணிகர் முன்கூட்டிச் செலுத்தியது பின்னர் திரும்பி வரும் என்பது. பின்னர் என்பது எப்பொழுது என்பதை மட்டும் தாங்கள் தெய்வசங்கற்பத்திற்கு விட்டுவிட்டீர்கள். இவ்வாறு திருப்பித் தராத நிலுவையையும் வருமான வரி நிலுவையையும் தீர்க்க, 2019-இல் அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸிடமிருந்து 3,000 கோடி வெள்ளி சிறப்பு ஈவுத்தொகை பெற வேண்டியதாயிற்று. எங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்கு எண்ணெய்க் கிணறு பதில் சொன்னது.

அப்பால் 2024 மார்ச்சில் சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு எட்டு சதவீதமாயிற்று. 2025 ஜூலையில் விற்பனை சேவை வரி மேலும் விரிந்தது. விரிவதற்குச் சில நாள் முன்னரே இறக்குமதி ஆப்பிளும் ஆரஞ்சும் பேரீச்சையும் கருணை பெற்றன, முடிதிருத்தகமும் தப்பியது. அறிவிப்பைக் கேட்டு விலைச்சீட்டு எழுதிய கடைக்காரர் அதை அழித்தெழுதினர். பொருளாதார வளர்ச்சி இங்கே நிச்சயமாக ஏற்பட்டது, மைவிற்பனையில்.

செலவினத்திலும் தங்கள் சமத்துவம் போற்றத்தக்கது. அண்மைக்காலம் வரை பெட்ரோல் மானியத்தைக் கலனின் கொள்ளளவுக்கேற்பப் பகிர்ந்தீர்கள்; ஆதலின் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் எங்கள் தோட்டத்தாரின் மோட்டார் சைக்கிள் ஒரு வாய் குடிக்க, நகரத்துப் பெரிய கார் வயிறு நிறையக் குடித்தது. 2025 செப்டம்பர் இறுதியில், லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர், குடிமக்களுக்கு மட்டும் என்ற வரம்பு வந்தது. அது நியாயமே, காலதாமதத்தை மட்டும் சாதனைப் பட்டியலில் சேர்க்காதிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

கடையை விரிவாக்க வங்கியில் கடன் கேட்பவன் ஐந்தாண்டுக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. தங்கள் வரியோ ஐந்தாண்டு ஒரே முகத்தோடு இருப்பதில்லை. ஆகையால், ஒரு வரியை விதித்தால் பத்தாண்டேனும் விகிதம் மாற்றாதிருக்கவும், திருப்பித் தர வேண்டியதைக் குறித்த நாளில், தவறினால் வட்டியோடு தரவும் சட்டமியற்றுமாறு பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மெர்போக் மளிகைக்கடைக்காரன்