இத்தோடு சரி

தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று வழங்கப்படும் டாட்டா ஏஸ் 2005ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது, மூன்று சக்கரத் தட்டு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே காலியாகக் கிடந்த இடத்தை நிரப்பும் சரக்கு வண்டியாகவே அது பேசப்பட்டது. இரண்டு சிலிண்டரும் 702 சிசி இன்ஜினும் 16 குதிரைத்திறனும் கொண்ட அந்தச் சிறு டீசல் வண்டி, வயதானபின் ஒரு தனி மனித வகையையே உண்டாக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கோயம்பேட்டில் மூட்டை ஏற்றக் காத்திருப்பவர்களிலும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுவருபவர்களிலும், வீடு மாற்ற வாடகைக்கு வருபவர்களிலும் இவ்வகையினரைக் காணலாம். கிழடு தட்டிய வண்டியைச் செலவு செய்து ஓட்டுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருப்பதும், பட்டறையைவிட்டு வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ‘இத்தோடு சரி, இனி இதற்கு ஒரு பைசா கிடையாது’ என்று சபதம் செய்வதும் இவர்களின் பொது இயல்பு ஆதலால், இவ்வகை உரிமையாளரை இத்தோடுசரியார் என்று குறிப்பிடுவது பொருந்தும்.

அவரை அடையாளம் காண அவர் கதவு சாத்தும் முறையைக் கவனித்தால் போதும். பிறர் கதவை இழுத்துச் சாத்துவார்கள். அவரோ அதை ஒரு விரற்கடை மேலே தூக்கி, முழங்காலால் ஒரு நெட்டு நெட்டி, பூட்டு ‘டக்’கென்று விழும் ஓசையைக் காதால் உறுதிசெய்துகொண்ட பிறகே நகர்வார். கண்ணாடி தானாக இறங்கிவிடாமலிருக்க நான்காக மடித்த அட்டைத் துண்டு ஒன்று அதன் ஓரத்தில் செருகப்பட்டிருக்கும். இன்ஜினை முதல் சுற்றுச் சுழற்றிவிடும் மின்மோட்டாரான ‘செல்ஃப்’ எப்போதோ படுத்துவிட்டதால் வண்டியைச் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார். எந்தத் தெரு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதில் நில அளவைத் துறைக்கே அவரளவு அறிவு உண்டா என்பது ஐயம். மகன் எடுத்தால் வண்டி நகராது என்பதையும் அவர் குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகவே சொல்வார்.

பட்டறையில் நடக்கும் நோய் நாடும் சடங்கு விரிவாகக் காணத்தக்கது. கறுப்புப் புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை, நீலம் கலந்து வந்தால் இன்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது, வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம் என்பது பட்டறை மருத்துவத்தின் பால பாடம். மெக்கானிக் ஓடும் இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்து, அதன் மேலே உள்ளங்கையைப் பிடிப்பார். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு கீழே கசிந்து அந்த வாய் வழியாகக் குபுகுபுவென்று தள்ளும், இதைத் தொழிலில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். உள்ளங்கையில் படிந்த கருநிறத் துளிகளை இருவரும் சற்று நேரம் பேசாமல் பார்ப்பார்கள்.

“ரிங்கு போயிருச்சுண்ணே. இன்ஜினை இறக்கினாத்தான் மிச்சம் தெரியும்.”

இறக்குதல் என்பது இன்ஜினைச் சேஸிலிருந்து கழற்றி, அக்கக்காகப் பிரித்து, லேத்துக்கு அனுப்பிச் சிலிண்டரைப் போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றிப் பூட்டும் பெரிய வேலை.

“இப்போதைக்கு ஓடுற மாதிரி ஏதாவது பண்ணு தம்பி, முகூர்த்தம் முடியட்டும்.”

முகூர்த்த மாதங்களில் சவாரி நிறைய இருப்பதால் வண்டியை நிறுத்த நேரம் இருக்காது. ஆடி பிறந்தால் நேரம் நிறைய இருக்கும், சவாரி இல்லாததால் காசு இருக்காது. இவ்வாறு இன்ஜினை இறக்கும் நாள் எந்தத் தமிழ் மாதத்திலும் இடம்பெறாமல் தப்பிவிடுகிறது.

திரும்பி வராதபடி ஏற்கெனவே செலவாகிவிட்ட பணத்தைப் பொருளியலார் ‘மூழ்கிய செலவு’ என்பர். இனிமேல் செய்யப்போவதை முடிவுசெய்கையில் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் விதி. இத்தோடுசரியாரோ அதை மட்டுமே கணக்கில் சேர்ப்பவர். போன மாதம்தான் கிளட்ச் பிளேட் மாற்றியது, இப்போது விற்றால் அது வீண் என்று ரேடியேட்டரை மாற்றுவார். புது ரேடியேட்டரை அடுத்தவனுக்கா கொடுப்பது என்று டயர் போடுவார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பில்லும் நியாயமானது. அவற்றைக் கூட்டும் பழக்கம் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு: “இந்த வண்டிக்குக் கொட்டின காசுக்கு மாடியே எடுத்திருக்கலாம்ங்க.” அவ்வளவு செலவு செய்த வண்டியை எப்படி விற்பது என்பதற்கு இதையே இத்தோடுசரியார் மறுநாள் ஆதாரமாக எடுத்துக்காட்டுவார்.

வண்டியின் மதிப்பு குறித்து அவரிடம் இரண்டு கொள்கைகள் உண்டு. காப்பீட்டு நடைமுறையில் ஐந்தாண்டை நெருங்கும் வண்டிக்குப் பாதி மதிப்பு கழிக்கப்படுகிறது, அதற்கும் மூத்த வண்டிக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒரு மதிப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாளில் அவர், “இந்த ஓட்டை வண்டிக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்?” என்று, சட்டம் கட்டாயமாக்கிய தேர்ட் பார்ட்டியோடு, அதாவது பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமான காப்பீட்டோடு, நிறுத்திக்கொள்வார். மறுவாரம் புரோக்கர் வந்து விலை கேட்டால் அதே வண்டி தங்கமாகிவிடும். தன்னிடம் இருப்பதாலேயே ஒரு பொருளின் விலை கூடித் தோன்றுவதை ‘உடைமை விளைவு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1990இல் கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், காபிக் குவளை கையில் கிடைத்த மாணவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, குவளை இல்லாதவர்கள் தர முன்வந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சில நிமிடம் கையிலிருந்த குவளைக்கே இந்த நிலை என்றால், மகள் கல்யாணத்துக்குச் சீர்வரிசை ஏற்றிப்போன வண்டிக்குப் புரோக்கர் எந்த விலை சொன்னாலும் அது அவமதிப்பாகத்தான் படும்.

எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்கு முந்தின வாரம் துருப்பிடித்த இடங்களில் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, ‘சாலை விதிகளை மதிப்போம்’ என்று புதிதாக எழுதியதும் அவருக்கு வண்டி மேல் மறுபடி ஆசை வந்துவிடுகிறது. உண்மையில் பார்க்க வேண்டிய இடம் பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. இன்ஜின் தேய்ந்தால் மாற்றலாம், கியர் பெட்டியைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம். உப்புத் தண்ணீர் சொட்டும் மீன் லோடு ஏற்றி ஏற்றிச் சேஸ் அரித்துப்போயிருந்தால் மேலே செய்த செலவெல்லாம் காயலான் கடைக்குத்தான். ஸ்குரூ டிரைவர் முனையால் சேஸைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதனாலேயே அவர் தட்டிப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவரை முட்டாளென்று தள்ளிவிடவும் இடமில்லை. புது வண்டி எடுத்தால் சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்ததும் டியூ கட்டியாக வேண்டும்; பழைய வண்டி கேட்கும் செலவோ, கெஞ்சினால் தள்ளிப்போடக் கூடியது. 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பி.எஸ். 6 மாசுத் தரத்துக்கு ஏற்ற வண்டிகளில் சென்சார்கள் பெருகிவிட்டதால், கோளாறு கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும், சரிவுத் தெரு மட்டும் போதாது. சேஸ் கெட்டியாக இருந்து, ஆண்டு முழுவதற்குமான பட்டறைச் செலவும், வண்டி நின்ற நாள்களில் இழந்த வாடகையும் சேர்ந்து புது வண்டியின் ஓராண்டு டியூவைத் தொடாதவரை, பழையதை ஓட்டுவதே லாபம். கணக்கே போடாமல் சரியான விடைக்கு அருகில் அவர் பல முறை வந்து நிற்கிறார் என்பதுதான் கணக்குத் தெரிந்த உறவினர்களுக்கு ஆற்றாமை.

ஒருவழியாக ‘இனி செலவு குறைய வேண்டும்’ என்ற தீர்மானத்துக்கு வரும் நாளில், உதிரிபாகத்துக்கு ஆகும் என்று, ஓடாமல் கிடக்கும் அதே மாடல் வண்டி ஒன்றை எடை விலைக்கு வாங்கிக் கயிறு கட்டி இழுத்துவருவார். பட்டறையில் அதன் ஆயில் மூடியைத் திறந்து பார்த்த மெக்கானிக், துணியில் கையைத் துடைத்தபடி சொல்வார்: “அண்ணே, இதைப் போய்ப் பிரிக்கச் சொல்றீங்களே, கொஞ்சம் செலவு பண்ணினா இதுவும் ஓடும்ணே.”