நீல மருந்தின் பெருமை

மீனின் துடுப்பில் காலிஃப்ளவர் போலக் கிளம்பும் வெண்கட்டிக்குப் பெயர் லிம்போசிஸ்டிஸ். வைரஸ் புகுந்த செல், வெறும் கண்ணுக்கே தெரியுமளவு ஊதிவிடுகிறது. மருந்து கிடையாது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே உதிரும். பெருமை மட்டும் தொட்டியில் ஊற்றிய நீல மருந்துக்குப் போகும். ஆன்டிபயாடிக் என்பது புண்ணில் குடியேறும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாவுக்குத்தான். அதற்கும் முன்னால் தண்ணீரை மாற்ற வேண்டும். அதில் கடைக்காரருக்கு லாபமில்லை. கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றுவோர் லிம்போசிஸ்டிஸ் வைரஸையும் இலவசமாக ஏற்றிவிடுகிறார்கள்.

1990-களின் நடுவில் கிழக்குக் கடற்கரை இறால் குளங்களைச் சில நாட்களில் காலிசெய்த வெண்புள்ளி வைரஸுக்கும் மருந்தில்லை; தடுப்புதான் வழி: நோயற்ற குஞ்சு, சுத்தமான நீர், நண்டு நுழையாமல் ஒரு வேலி.