ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்

கோடைக்கென்று தனியாகப் பாட்டு வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். நமக்குக் கோடை என்றால் நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, மொட்டைமாடியில் காயும் வடாம், அதற்குக் காக்கா விரட்ட ஒரு பேரன். பாட்டுக்கு அங்கே வேலையில்லை. அவர்களோ மாதக்கணக்கில் குளிருக்குள் அடைபட்டுக் கிடந்துவிட்டு வெளியே வருகிறவர்கள், வெயிலைக் கண்டால் பாடாமல் என்ன செய்வார்கள்! இந்த எளிய வித்தியாசம் மண்டையில் ஏறாமலேயே, எழுபதுகளின் பிற்பாதியில், திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில், அனல் அடிக்கும் மே மாதத்து மத்தியானங்களில், வெயிலை வருக வருக என்று அழைக்கும் டெட்ராய்ட் பாடகர்களுக்கு நாங்கள் சிலர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதை இன்றைக்கு நினைத்தால் எனக்கு முதலில் வேர்க்கிறது, பிறகுதான் சிரிப்பு வருகிறது.

பொன்மலையில் அப்படிப் பாட்டு கேட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்பிய அந்த ஊரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. எதிர் வரிசை வீட்டு அங்கிள் எஞ்சின் டிரைவர். ஜிம் ரீவ்ஸுக்குப் பிறகு உலகத்தில் இசை என்று எதுவும் நடக்கவில்லை என்பது அவர் கட்சி. அவர் மகன் என் வயதுக்காரன். கப்பலில் வேலைபார்த்த தாய்மாமன் புண்ணியத்தில் அவனிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. சோல் என்றும் ஃபங்க் என்றும் இரண்டு சொற்களை அவன் சொல்லித்தான் கேட்டேன். கேட்ட மறுநாளே கல்லூரியில் போய், பிறந்ததிலிருந்து அதையே கேட்டு வளர்ந்தவன் போலப் பேசினேன். கழுத்துவரை ஏறிய டெரிகாட்டன் காலரும், தெருவைக் கூட்டும் பெல்பாட்டமும், வியர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டையுமாக மார்வின் கேயைப் பற்றி விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்த அந்தப் பையனை இப்போது வழியில் பார்த்தால், தம்பி, முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடி என்பேன்.

ரேடியோ இருந்தது, மறுக்கவில்லை. தபாலாபீசில் லைசென்ஸ் கட்டி வாங்கிய மர்ஃபி பெட்டியில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பும், வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் ஜாஸைப் பற்றிப் பேசும் வில்லிஸ் கோனோவரின் நிதானமான குரலும் சிற்றலையில் கடல் போல ஏறி இறங்கி வரும். நல்ல இடமாகப் பார்த்துக் குரல் மூழ்கிப்போகும், திரும்பி வரும்போது அடுத்த பாட்டு பாதியில் இருக்கும். அதனால் பாட்டு கைக்கு வருவதற்கு ஒரே வழி, யாராவது பதிந்து கொடுப்பதுதான்.

அந்தப் பதிந்து கொடுத்தலைப் பற்றி எத்தனை சொன்னாலும் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. சி-90 கேசட், ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். 45 நிமிடம் பதிய 45 நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. கொடுக்கிறவன் ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் நானும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒயர் வைத்து இணைக்கும் வசதியெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ரெக்கார்டு பிளேயரின் ஸ்பீக்கருக்கு முன்னால் யாரோ கல்ஃபிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன்னை முக்காலியில் வைத்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வோம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் பாடும். அவன் பாட்டி இருமக்கூடாது. 'பாதியில எந்திரிச்சுப் போகக்கூடாது மென்' என்று அவன் உதட்டை மட்டும் அசைப்பான். இத்தனை பந்தோபஸ்து செய்தும், லவ்வின் ஸ்பூன்ஃபுல் குழுவின் 'சம்மர் இன் த சிட்டி' பதிவாகும்போது ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிவிட்டது. 1966-இல் வந்த அந்தப் பாட்டின் நடுவே கார் ஹாரனும் சாலையை உடைக்கும் இயந்திரச் சத்தமும் வரும். நகரத்துக் கோடையைக் காதில் காட்டுவதற்காக அவர்கள் மெனக்கெட்டுச் சேர்த்தது. எங்கள் பிரதியில் தென்னக ரயில்வேயும் தன் பங்குக்கு ஒரு வாத்தியம் வாசித்திருந்தது. இப்போது துடைத்துப் பளிச்சென்று மெருகேற்றிய பதிப்பில் அதே பாட்டைக் கேட்கிறபோது, அந்த இடம் வந்ததும் சங்குக்காகக் காத்திருந்து ஏமாறுகிறேன்.

பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பக்கம் முடிய இரண்டே முக்கால் நிமிடம்தான் பாக்கி என்றால் டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்' அங்கே நுழையாது, அது பத்து நிமிடத்தை விழுங்கும். அப்படிப்பட்ட ஓரங்களில் கச்சிதமாக உட்கார்ந்தவை மோடவுன் கம்பெனியின் மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டுகள். பெரி கோர்டி என்பவர் 1959-இல் டெட்ராய்டில் ஒரு சாதாரண வீட்டில் தொடங்கிய கம்பெனி. மார்வின் கேயும் ஸ்டீவி வொண்டரும் அங்கே வளர்ந்தவர்கள். என் மோடவுன் பக்திக்கு ரசனை காரணமென்று பல வருடம் சொல்லிவந்தேன். கேசட்டில் மிச்சமிருந்த இடம்தான் காரணம்.

அந்தக் கம்பெனியின் பாட்டுகளில் மே மாதத்துக்கென்றே பிறந்தது, மார்த்தா அண்ட் த வாண்டெல்லாஸ் 1964-இல் பாடிய 'டான்ஸிங் இன் த ஸ்ட்ரீட்'. டெட்ராய்டில் கோடை முற்றும்போது ஜனங்கள் தெருவில் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு, பீச்சி அடிக்கும் தண்ணீரில் நனைந்து குதிப்பார்களாம். அதைப் பார்த்துத்தான் பாட்டு உதித்தது என்று அதை எழுதியவர்களில் ஒருவரான மிக்கி ஸ்டீவன்சன் சொல்லியிருக்கிறார். இந்த விவரம் அப்போது எங்களுக்குத் தெரியாமல் போனது நல்லதுக்குத்தான். தெருக்குழாயடியில் காலி குடங்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாட்டை ரசித்திருக்க முடியாது. பில் விதர்ஸின் 'எய்ன்ட் நோ சன்ஷைன்' விவகாரம் இதைவிட வேடிக்கை. காதலி பிரிந்ததும் வெளிச்சம் போனதாக உருகும் பாட்டு. விமானங்களுக்குக் கக்கூஸ் பொருத்தும் தொழிற்சாலையில் வேலைபார்த்துக்கொண்டே அவர் 1971-இல் வெளியிட்டது. பொன்மலையில் மத்தியானம் இரண்டு மணிக்கு அதைக் கேட்கும்போது, சூரியன் போய்த் தொலைந்ததில் இந்த மனுஷனுக்கு என்ன வருத்தம் என்றுதான் தோன்றும். காதலியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எங்களில் யாருக்கும் இல்லை.

ஓடிஸ் ரெடிங்கை மட்டும் விளையாட்டாகப் பேச வரவில்லை. 1967 கோடையில் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு படகுவீட்டில் தங்கியிருந்தபோது அவர் தொடங்கிய பாட்டு 'டாக் ஆஃப் த பே'. மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் கம்பெனியின் கூடத்தில் பதிந்தார். பதிந்த சில நாட்களில், டிசம்பர் 10 அன்று, விமானம் ஏரியில் விழுந்து இறந்துபோனார். வயது 26. அலைச்சத்தத்தையும் கடற்பறவைகளின் குரலையும் கிதார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர் சேர்த்தபின் வெளியிட்டார்கள், அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பாடியவர் இறந்தபின் அப்படி முதலிடத்துக்கு வந்த முதல் பாட்டு அதுதான். முடியும் இடத்தில் வார்த்தையில்லாமல் விசில் அடித்துக்கொண்டே போவார். எங்கள் கேசட்டில் அந்த விசிலின் நடுவில் பக்கம் முடிந்து, பொத்தான் டக்கென்று எகிறும். அவர் சாவோடு சேர்த்து அந்த 'டக்'கையும் நாங்கள் புரிந்துகொண்டோம், பாட்டே அப்படித்தான் என்று. விசில் முழுவதையும் நான் கேட்டது வெகுகாலம் கழித்து, கம்ப்யூட்டரில். முழுப் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பாதி விசிலில் இருந்த துக்கம் அதில் இல்லை.

ஸ்டாக்ஸ் கம்பெனியின் பதிவுக்கூடம் ஒரு பழைய சினிமா கொட்டகை. நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டாலும் தரையின் சரிவு அப்படியே இருந்தது, ஒலிக்கு அந்தச் சரிவே ஒரு தனி ருசி கொடுத்தது என்பார்கள். கொட்டகையில் மிட்டாய் விற்ற இடத்தில், முதலாளிகளில் ஒருவரான எஸ்டெல் ஆக்ஸ்டன் அம்மாள் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். தெருப் பிள்ளைகள் கூடி நின்று கேட்பார்கள், புதுப் பாட்டை அவர்களுக்குப் போட்டுக்காட்டி அவர்கள் கால் ஆடுகிறதா என்று பார்ப்பார். எனக்கு இந்த உலகத்தில் பிடித்த கடைகளில் அது ஒன்று, போகக் கொடுத்துவைக்கவில்லை. எழுபதுகளின் நடுவில் கம்பெனி திவாலாகி, 1989-இல் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். பிறகு ஞானோதயம் பிறந்து, அதே மனையில் அதே கொட்டகையின் நகலைக் கட்டி, 2003-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இருப்பதை இடித்துவிட்டு அதேபோல ஒன்றைக் கட்டி டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்று அறிந்தபோது மனசுக்கு ஒரு ஆறுதல்.

நண்பன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனான். பொன்மலையிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. விமானத்தில் எடைக் கட்டுப்பாடு, தகரப் பெட்டி என்னிடம் தங்கியது. இரண்டு கத்திரி தாண்டுவதற்குள் பரண்மேல் சூடேறி இசைத்தட்டுகளின் விளிம்பெல்லாம் நெளிந்துவிட்டது. கோடைப் பாட்டுகளைக் கோடையே தின்றது. இப்போது அவன் பேத்தி பெர்த் நகரத்தில் அதே இசைத்தட்டுகளைப் புதிதாக அச்சடித்தவையாக, நினைத்தாலே நெஞ்சடைக்கும் விலைக்கு வாங்கி அடுக்குகிறாளாம். 'பழசுதான் தாத்தா நல்லா இருக்கு' என்று அவனுக்கே பாடம் எடுக்கிறாளாம்.

எங்களுக்கு இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உறுப்பினர்கள் எல்லோரும் மூத்த குடிமக்கள். ஏப்ரல் பிறந்ததும் கோடைப் பாட்டுகள் வரத் தொடங்கும்: ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் 'ஹாட் ஃபன் இன் த சம்மர்டைம்', ஐஸ்லி பிரதர்ஸின் 'சம்மர் பிரீஸ்', வார் குழுவின் 'லோ ரைடர்', காலை ஏழு மணிக்கே சான்டானா. ஆறு நிமிடப் பாட்டுக்குப் பத்தாவது விநாடியில் கட்டைவிரல் படம் வந்துவிடுகிறது. ஒரு சி-90-க்காக வெயிலில் பொன்மலையிலிருந்து தில்லைநகருக்கு சைக்கிள் மிதித்தவர்கள்தான் இவர்கள். இன்று பூமியில் பதிவான பாட்டு எல்லாம் சட்டைப்பைக்குள் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் அகப்படுவதில்லை. அனுப்பியவனாவது கேட்டிருப்பானா என்பது என் அடுத்த சந்தேகம்.

அதற்காகப் புதுக்காலத்தை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. போன வருடம் மகள் ஒரு நல்ல இயர்போன் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' கேட்டேன். எத்தனையோ கோடைகளாக மனப்பாடமான பாட்டு. அன்றைக்குத்தான் அதற்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுவது தெரிந்தது. பேஸ் கிதார். எங்கள் மர்ஃபியிலும் உள்ளங்கை அகல ஸ்பீக்கரிலும் கீழ்ஸ்தாயி வரவே வராது. ஃபங்க் என்பதோ பேஸும் டிரம்ஸும் நடத்தும் சமாச்சாரம், பாடகர் அதன்மேல் சவாரி செய்கிறவர். ஆக, இளமை முழுக்க நாங்கள் ஃபங்க் என்று சொல்லிக் கேட்டது, தவில் இல்லாமல் நாயனம் மட்டும் வாசித்த கல்யாணம். (பேஸ் கிதார் என்று ஒன்று இருப்பதே எங்களில் பலருக்கு, டீக்கடையின் ஆளுயர ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டு அதிர்ந்தபோதுதான் வயிற்றில் உறைத்தது.)

வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஒற்றை ஆள்காட்டி விரலால் மோடவுனின் எத்தனையோ பாட்டுகளைத் தாங்கியவர். அவரும் சகாக்களும் வாசித்த பாட்டுகள் உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது உறையில் அவர்கள் பெயரே கிடையாது. 1971-இல் இந்த இசைத்தட்டில்தான் பெயர் போட்டார்கள். அடுத்த ஆண்டு கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்கு ஜாகை மாறிவிட்டது. ஜேமர்சன் 1983-இல் 47 வயதில் இறந்தார். அந்த வருடமும் பொன்மலைப் பக்கம் அவர் பாட்டை நாங்கள் அவர் இல்லாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே இந்தக் கத்திரிக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்று. 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நாலு நிமிடத்துக்கும் குறைவுதான். பாடகரை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டு, கீழே நடக்கும் அந்த ஒற்றை விரலின் பின்னாலேயே முடியும்வரை போங்கள். யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் தயவுசெய்து லிங்க் அனுப்பாதீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டு முடிந்தபிறகு மோர் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.