மூன்றாவது பின்

1997-இல் ரிச்சி தெருவில் நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் பழகியபோது ஒரு மெஷினுக்கு இரண்டு விசிறி. ஒன்று எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டிக்குள் பிறவியிலேயே இருப்பது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றொன்று பிராசஸரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கடையில் இருந்த எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டேபிள் ஃபேன், அதுவும் முதலாளி பக்கம் திரும்பியே இருக்கும். தலைக்கணக்கு போட்டால் பென்டியம் எங்களைவிட வசதியாகத்தான் வாழ்ந்தது.

அந்தச் சின்ன விசிறிக்கு மின்சாரம் கொடுக்க மதர்போர்டில் இடம் தேட மாட்டோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வருகிற மோலெக்ஸ் கம்பிதான் எல்லாவற்றுக்கும் தாய். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவே இரண்டு கறுப்பு. விசிறியோடு வரும் கனெக்டருக்கு இரண்டு பக்கமும் வாய் உண்டு. ஒரு வாயை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சொருகி, மறு வாயில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிடுவோம். பக்கத்துக் குடித்தனத்துக் குழாயிலிருந்து ஒரு ட்யூப் இழுத்துத் தண்ணீர் பிடித்துக்கொள்வதுபோல. யாரும் இதைப் பிரிப்பான், ஸ்ப்ளிட்டர் என்றெல்லாம் சொல்லவில்லை. பிரித்தது மட்டும் உண்மை.

சிடி ரைட்டர் வந்ததும் கம்பி போதவில்லை. ஒய் கேபிள் வாங்க வேண்டும். அது அடுத்த கடையில் இருக்கும்; ஆனால் கஸ்டமர் எதிரே உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே வெட்டு, உரி, முறுக்கு, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப். அந்த வருஷங்களில் நான் முறுக்கிய அளவுக்கு எங்கள் அம்மா தீபாவளிக்குக்கூட முறுக்கியதில்லை.

ஒரு வித்தையும் கற்றிருந்தேன். "சத்தம் தாங்கலை, ராத்திரி பையன் படிக்க முடியலை" என்று யாராவது மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால், விசிறியின் கறுப்புக் கம்பியைக் கறுப்பிலிருந்து பிடுங்கிச் சிவப்பில் கொடுப்பேன். பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்குதான். விசிறி 7 வோல்ட்டில் பூனை மாதிரி ஓடும். சில விசிறிகள் அந்த ஏழில் கிளம்பாது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடும். தினமும் காலையில் அந்தத் தட்டை யார் தட்டுவது என்று கஸ்டமர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (விசிறி உள்ளே ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் லைனில் போய் நிற்கும். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் செய்யாதீர்கள்.)

2004-இல் பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 வந்தது. அதில் வேகமானவை 100 வாட்டைத் தாண்டும்; சட்டியில்லாத அடுப்பு. கத்திரி வெயிலில் அதற்குத் தமிழ்நாடு முழுக்க ஒரே வைத்தியம்தான் நடந்தது: கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பி வைப்பது. எந்த கம்பெனியும் அந்த முறைக்குப் பேடன்ட் வாங்கவில்லை. வீட்டில் மனிதர்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மெஷினுக்குக் காற்று. அதை ஒரு முறைகேடாக யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இப்போது என் அக்கா மகன் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். முன்னால் மூன்று, மேலே ரேடியேட்டரில் மூன்று, பின்னால் ஒன்று, ஆக ஏழு விசிறி. கிராஃபிக்ஸ் கார்டு தன் சீதனமாகக் கொண்டுவந்த மூன்று தனி. எஸ்.எம்.பி.எஸ். விசிறியை இன்றைக்கும் யாரும் எண்ணுவதில்லை. அவன் தலைக்கு மேல் ஒரு சீலிங் ஃபேன். கண்டென்சர் போய், ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இரண்டில்தான் சுற்றுகிறது. பெட்டிக்குள் இருக்கும் ஏழும் சேர்ந்து குடிப்பது 13 வாட்டுக்கும் குறைவு. அந்தப் பழைய சீலிங் ஃபேன் ஒன்றே 75 வாட் குடித்துவிட்டு இப்படி நடந்துகொள்கிறது.

ஏழையும் மாட்ட போர்டில் இடம் இல்லை. அதனால் ஸ்ப்ளிட்டர். இதிலும் ஒரு கணக்கு உண்டு. போர்டில் விசிறி மாட்டும் ஓர் இடம் பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். அவன் விசிறி ஒவ்வொன்றின் முதுகிலும் 0.15 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. மூன்று என்றால் 0.45, நிம்மதி. ஏழையும் ஒன்றிலேயே தொங்கவிட்டால் 1.05, போர்டுக்கு ஆபத்து. கிளம்பும்போது விசிறி இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. மூன்று மூன்றாகப் பிரித்து அழகாகத்தான் மாட்டியிருந்தான். எங்கள் காலத்துக் கேபினெட்டைத் திறந்தால் தலைவிரி கோலமாகக் கம்பி கிடக்கும். இவன் எல்லாவற்றையும் பின்பக்கம் கொண்டுபோய், டை போட்டு இறுக்கி, ஜடை பின்னியிருந்தான்.

மே மாதம் கூப்பிட்டான். "மாமா, கேம் திக்கித் திக்கி ஓடுது. கார்டு போச்சுன்னு நினைக்கிறேன். புதுசு வாங்கணும்."

கார்டின் விலையைக் கேட்டதும் அக்கா எனக்கு போனைப் போட்டு, "நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போடா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பயாஸில் முன்பக்க விசிறி 1,100 சுற்று என்று காட்டியது. முன்னால் மூன்றிலும் வண்ண விளக்கு ஜொலிக்கிறது. "மூணும் சூப்பரா ஓடுது மாமா, பாருங்க" என்றான். வலைக்குப் பின்னால் இறக்கை தெரியவில்லை, விளக்குதான் தெரிந்தது. கையை வைத்துப் பார்த்தேன். மேல் விசிறி இழுத்தது. கீழே இருந்த இரண்டும் சும்மா இருந்தன.

இங்கேதான் ஸ்ப்ளிட்டரின் குணத்தைச் சொல்ல வேண்டும். விசிறியின் நாலு பின்னில் மூன்றாவது பின் போர்டுக்குக் கணக்கு ஒப்பிக்கிற பின். விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், போர்டு எண்ணிக்கொள்ளும். மூன்று விசிறியும் ஒரே கம்பியில் துடித்தால் எண்ணிக்கை குழம்பிவிடும். அதனால் ஸ்ப்ளிட்டரில் ஒரு வாய்க்கு மட்டும் நாலு பின்; மற்றவற்றில் அந்த மூன்றாவதைப் பிடுங்கிவிட்டே விற்கிறார்கள். உற்றுப் பார்த்தால் பல் விழுந்த இடம் தெரியும். வேகமாக ஓடு என்ற உத்தரவு நாலாவது பின் வழியாக எல்லாருக்கும் போகும். ஓடினேன் என்று பதில் சொல்வது ஒருவர்தான். கல்யாண வீட்டில் "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் வாசலில் நிற்கும் பெரியப்பா "ஆச்சு, ஆச்சு" என்பாரே, அதே ஏற்பாடு.

விளக்குக்குத் தனிக் கம்பி. ஓடாத விசிறியும் ஜொலிக்கும்.

பின்பக்கம் திறந்தேன். பையன் ஸ்ப்ளிட்டரின் ஒரு வாயில் இன்னொரு ஸ்ப்ளிட்டரை மாட்டி, அதில் கீழிரண்டையும் கொடுத்திருந்தான். அழகுக்காக டையை இழுத்து இறுக்கியதில் அந்த இரண்டாவது கனெக்டர் நழுவி, அரை அங்குலம் தள்ளி நின்றது. எத்தனை நாளாகவோ. இறக்கைமேல் படிந்திருந்த தூசியை வைத்துச் சொன்னால் பொங்கலுக்கு முன்பிருந்து.

டையை வெட்டினேன். "மாமா, அது பார்க்க நல்லா இருந்துச்சே" என்றான். கனெக்டரை அழுத்தினேன், இரண்டும் சுற்றின. அன்று சாயங்காலம் கேம் திக்கவில்லை. அக்கா காபியோடு முறுக்கும் வைத்தாள். புதுக் கார்டு வாங்கவில்லை. சீலிங் ஃபேனுக்குக் கண்டென்சர் வாங்கி மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் மாட்டவில்லை என்று தகவல்.

உங்கள் வீட்டிலும் ஸ்ப்ளிட்டர் போட்ட மெஷின் இருந்தால் திரையில் காட்டும் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, முன்பக்க வலையில் ஒவ்வொரு விசிறிக்கும் நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் ஓடுகிறது. கீழே விழுந்தால் பின்கதவைத் திறங்கள்.