ஆறு அம்மாக்கள்

கேள்வி: படப் புத்தகத்தில் எப்போதும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்தான். என்னிடம் வளரும் பேரன், "ஆயா, நம்ம வீட்டை ஏன் வரையல?" என்கிறான். என்ன சொல்ல?
- ஓர் ஆயா, கீழ்பென்னாத்தூர்

பதில்: வரைந்தவர் உங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள், தாயே! முருகனை வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். பள்ளி விண்ணப்பத்தில் 'தாயின் பெயர்' என்ற ஒற்றை வரி அவனுக்குப் போதுமா? கண்ணனுக்குப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. கதையில் இத்தனை வகை வீடுகளைக் கொண்டாடும் நாம், குழந்தையின் புத்தகத்தில் ஒரே வீட்டை வரைவது பெரிய குறை.

மாற்றமும் வருகிறது. 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் படப் புத்தகம் போடுகிறது. அது வெளியிட்ட, தீபா பல்சாவரின் 'தி லோன்லி கிங் அண்ட் குயின்' தத்தெடுப்பைச் சொல்லும் கதை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியில்லை: சிங்கப்பூர் நூலகங்களில் 2014இல், இரண்டு ஆண் பென்குயின்கள் குஞ்சு வளர்க்கும் புத்தகத்தைக் குழந்தைகள் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். குஞ்சு என்ன தப்பு செய்தது?

ஒரு நோட்டும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ஆயாவையும் தன்னையும் அவனே வரையட்டும். வரைந்ததை எங்களுக்கு அனுப்புங்கள்.